இரண்டாம் கட்டையும் திறந்து விடுங்கள்: செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெருமக்களுக்கு, குறிப்பாகச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஊர்களில் உள்ள பூர்வீக வீடுகளில் பங்கு உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் சமூகத்தைச் சேர்ந்தவள் இல்லை. உங்கள் ஊர்களில் எங்களுக்கு உறவுக்காரர்களும் கிடையாது. அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள் செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் நாங்கள். எழுபத்திரண்டு வயது அம்மா, என் கணவர், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், நான். இந்த மடலை எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்டால், உரிமை எதுவும் இல்லை. ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது: வீட்டின் முன்பகுதிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டையும், அதாவது அடுத்த முற்றத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும், பார்க்க விடுங்கள். அதை உங்களிடம் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது, ஏனென்றால் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

பயணத்தைத் திட்டமிட்டதே சாப்பாட்டை வைத்துத்தான். அம்மா கைதேர்ந்த சமையல்காரி. பேரன் பேத்திக்கு ஒரு ஊரின் சாப்பாடு அந்த ஊரிலேயே எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. என் கணவருக்குக் கட்டடங்கள் மேல் ஆர்வம். எனக்கு அந்த ஊர்களின் கதை வேண்டும். காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று போய் வருவது என முடிவு செய்தோம். ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கியபோது மகனுக்கு இருந்த ஒரே கேள்வி, "ஆயிரம் ஜன்னல் வீட்டில் நிஜமாகவே ஆயிரம் ஜன்னல் இருக்குமா?" என்பதுதான்.

முதல் நாள் நாங்கள் பார்த்த ஒரு பெரிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் வீட்டையும் குறிப்பிடப் போவதில்லை, குறை சொல்வது என் நோக்கம் இல்லை. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். திண்ணையில் பர்மா தேக்குத் தூண்கள், முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி, தரையில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் ஜப்பானிய ஓடுகள். ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து வந்தது, இன்றைக்கு என்ன விலை பெறும் என்று சொன்னார்கள். வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று அண்ணாந்து பார்த்தோம். வளவின் அந்தப் பக்கத்தில் ஒரு வாசற்படி, அதன் குறுக்கே ஒரு நைலான் கயிறு. "அதுக்கு மேல போகக் கூடாதுங்க" என்றார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அம்மா மட்டும் கயிற்றுக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றார். "அடுப்படி எங்கே இருக்கும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

இரவு தங்கும் இடத்துக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "இவ்வளவு பெரிய வீட்டில் ஏன்மா யாருமே இல்லை?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணத்தில் கட்டியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் சேர்ந்தது. அந்தக் கோபம் அங்கே வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது போட்டது போட்டபடி கிளம்பி வர வேண்டியிருந்தது. அப்புறம் அந்த நிலங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவைத் திறந்தது என்று படித்திருக்கிறேன். காரைக்குடியையும் ரங்கூனையும் அக்கம்பக்கத்து ஊர்கள் போல வைத்து வாழ்ந்தவர்களின் வீடு இது என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் இவற்றில் ஒன்றையும் அந்த வீடு எங்களுக்குச் சொல்லவில்லை. தேக்கின் விலையை மட்டும்தான் சொன்னது.

இரண்டாம் நாள் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

ஒரு சின்ன ஊரில் தெருக்களை வெறுமனே நடந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் தெருக்களின் நேர்த்தி பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, ஒரு வீடு இரண்டு தெருவையும் தொட்டு நிற்பதை என் மகன் ஓடி ஓடி உறுதி செய்துகொண்டான். அப்படிப் பின் தெருவுக்கு வந்தபோது ஒரு வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. அம்மாவுக்குத் தாகம். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டோம். உள்ளே வேலையாக இருந்த வயதான சமையற்கார அம்மா, "உள்ளே வாங்க ஆச்சி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் தலையசைத்தார். பிள்ளையார் நோன்புக்கு வெளியூரிலிருந்து ஒரு புள்ளி (கல்யாணமான ஒரு ஜோடி) வருகிறார்கள், அதற்காக வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

நாங்கள் அந்த வீட்டுக்குள் போனது கடைசிக் கட்டு வழியாக. முதல் நாள் எந்த வாசலில் கயிறு கட்டியிருந்ததோ, அதன் அந்தப் பக்கத்தில் இப்போது இருந்தோம்.

அடுப்படியைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். ஓர் அடுப்பு இல்லை, வரிசையாக அடுப்புகள். ஒரே வீட்டில் ஏன் இத்தனை என்று மகள் கேட்டாள். சமையற்கார அம்மா சொன்னார்: பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச காலத்தில் "வேறு வைத்து"விடுவார்கள். அதே கூரைக்குக் கீழே, அதே வளவில், ஆனால் அரிசி பருப்பு தனி, அடுப்பு தனி, கணக்கு தனி. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கோயில் வரி கணக்கிடுவதும் அந்தப் புள்ளியை வைத்துத்தான். விசேஷம் என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்வார்கள், மற்ற நாளில் அவரவர் அடுப்பு. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே பானையில் பொங்குவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. மாமியார் கையை எதிர்பார்க்காமல் ஓர் இளம்பெண் தன் வரவு செலவைத் தானே நடத்தப் பழகும் ஏற்பாடு, அதே சமயம் தனியாக விட்டுவிடாத ஏற்பாடு. மகள் அந்த அடுப்புகளை எண்ணினாள். பாடப் புத்தகம் எதுவும் அவளுக்கு ஒரு சமூகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

பிறகு பணியாரம். அம்மா கேட்டே விட்டார், "வெள்ளைப் பணியாரத்துக்கு என்ன அளவு?" அந்த அம்மா ஒரு உழக்கை எடுத்தார். பச்சரிசியைத் தலைதட்டி அளக்க வேண்டும், அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும், கோபுரத்தில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்தின் அளவு. தராசு வேண்டாம், கிராம் கணக்கு வேண்டாம். ஊற வைத்து, வெண்ணெய் போல ஆட்டி, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்ற வேண்டும். முதல் பணியாரம் எண்ணெயில் விழுந்து ஓரம் சுருங்கி நடுவில் உப்பி எழுந்ததை என் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். வரமிளகாய்த் துவையலுடன் சாப்பிடக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனபோது அவர் முகம் மாறியது. உடனே கையை இழுத்துக்கொண்டோம்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலும், ஏன், காரைக்குடிக்குப் போகும் வழியிலேயே ஒரு பெரிய உணவகத்திலும், செட்டிநாடு என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்தது நாக்கு எரியும் காரமும் சிவப்பு எண்ணெயும்தான். என் மகன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அந்த அடுப்படியில் கேள்விப்பட்டதெல்லாம் வேறு. அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி. இடியாப்பத்துக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி. ஆடி மாதத்தில் உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யுமாகக் கிண்டும் கும்மாயம். கந்தரப்பம், பால் பணியாரம், சீயம். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் வாசனைக்கு, அதுவும் அளவோடு. கவுனி அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கொடுக்கும்போது, அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த வழக்கம் என்ற கதையும் சேர்ந்தே வருகிறது. ஒரு கரண்டி இனிப்பில் ரங்கூன் இருக்கிறது. உலகம் முழுக்க விற்கும் உங்கள் சமையலின் பெயர், உங்கள் சமையலாக விற்கப்படவில்லை. இதை மாற்றுவதற்கு விளம்பரம் போதாது. அந்த அடுப்பு எரிவதை நாலு பேர் பார்த்தால்தான் மாறும்.

பெரியவர் எங்களை அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டு போனார். கடைசிக் கட்டிலிருந்து இரண்டாம் கட்டு, அங்கிருந்து வளவு, கடைசியாக முகப்பு. வீட்டை நாங்கள் பின்னாலிருந்து முன்னால் படித்தோம். அதனால்தானோ என்னவோ, முகப்பின் பெருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆண்கள் பல ஆண்டு கடல் கடந்து இருந்த வீட்டில் உள்கட்டுகளை நடத்தியவர்கள் பெண்கள். தானியம், ஊறுகாய், எண்ணெய், சீர்ச் சாமான், வேலையாட்கள், திருவிழா, கல்யாணம் எல்லாவற்றையும் அவர்கள் தாங்கியிருக்கிறார்கள். முகப்பு வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு. வீடு நடந்தது பின்னால். முதல் கட்டோடு நிறுத்திவிடும்போது அந்தப் பெண்களின் வாழ்க்கை முழுவதும் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, பூட்டியபடி. ஓர் அறையில் எண்ணெய்ச் சாடிகளும் பித்தளை அண்டாக்களும் உத்தரம் வரைக்கும் இருந்தன. ஒரு மூலையில் ரங்கூன் முகவரி எழுதிய மரப்பெட்டி. எழுத்து மங்கியிருந்தது. மகள் அதை விரலால் தொடாமல், விரலை மேலே காற்றில் ஓட்டி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். முந்தின நாள் இரவு நான் சொன்ன கதை அவளுக்கு இப்போதுதான் உண்மையானது.

நோன்பைப் பற்றிப் பெரியவர் சொன்னதையும் எழுத வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள். புது வேட்டியிலிருந்து பிரித்த 21 நூலிழையைத் திரியாக்கி, மாவில் பதித்து, நெய்யில் சுடர் ஏற்றி, அந்தச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. இழை எடுப்பது என்று சொன்னார். என் மகன் நம்பவே இல்லை. "நாளைக்கு வந்து பார்க்கலாமா?" என்று கேட்டான். பெரியவர் சிரித்தார். ஆனால் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டால் எங்களை உள்ளே விட முடியாது, அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அவர் அன்று எங்களுக்குக் காட்டியது அவருடைய நல்ல மனதினால் மட்டும். அதற்காக அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதால்தான் ஊர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். நல்ல மனதையும் தாகத்தையும் தற்செயலையும் நம்பி இருக்க வேண்டாம். நீங்களே விரும்பி, முறைப்படி, இரண்டாம் கட்டையும் அடுப்படியையும் குடும்பங்களுக்குத் திறந்து விடுங்கள்.

உங்கள் தயக்கங்கள் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தப் பெரியவரே சொன்னார். ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓர் ஓடு மாற்றுவதற்கே எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதற்குள் இரண்டு மழை வந்துவிடும். ஓடு உடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உத்தரத்தைக் கறையான் பிடிக்கும், சுண்ணாம்புச் சுவர் ஊறும். பிறகு பழுதுபார்க்கும் செலவு கைமீறிப் போகும், யாராவது ஒருவர் விற்றுவிடலாம் என்பார், மற்றவர்கள் சோர்ந்துபோய் ஒத்துக்கொள்வார்கள். வீடு நிலமாகும். தூணும் கதவும் தனித்தனியாகக் கடைக்குப் போகும். திருட்டு பயம் வேறு. வருகிறவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள், சாமி அறைக்குள் செருப்போடு போவார்கள் என்ற பயமும் இருக்கிறது. எல்லாமே நியாயமான பயங்கள்.

ஆனாலும் சொல்கிறேன். எல்லா வீட்டையும் எல்லா நாளும் திறக்கச் சொல்லவில்லை. நோன்பிலிருந்து பொங்கல் வரைக்கும் எப்படியும் ஊருக்கு ஆள் வருகிறது, வீடு துடைக்கப்படுகிறது, அடுப்பு எரிகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. அந்தச் சில வாரங்களில் ஊருக்கு ஒரே ஒரு வீடு, ஒரு நாளைக்கு இரண்டு குடும்பம், முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் மட்டும். இந்த ஆண்டு ஒரு வீடு என்றால் அடுத்த ஆண்டு இன்னொரு வீடு. கோயில் பொறுப்பை முறை வைத்து மாற்றிப் பார்ப்பது உங்களுக்குப் பழகியதுதானே; அதே முறை. உங்கள் ஒன்பது பிரிவுகளுக்கும் உரிய ஒன்பது நகரக் கோயில்களையும் ஊர் ஊராகச் சிவன் கோயில்களையும் ஊருணிகளையும் இத்தனை தலைமுறையாக நடத்தத் தெரிந்த சமூகத்துக்கு இதை நடத்துவது பெரிய காரியம் இல்லை.

சாமி அறை பூட்டியே இருக்கட்டும். படைப்புப் பேழையை யாரும் பார்க்க வேண்டியதில்லை, அது உங்கள் முன்னோருக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது. பூட்டிய அறைகளும் பூட்டியே இருக்கட்டும். படம் எடுக்கக் கூடாது என்றால் எடுக்க மாட்டோம். எங்களுக்கு வேண்டியது அடுப்படியில் ஒரு மணி நேரமும், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஓர் ஆளும்தான்.

சொல்லத் தெரிந்த அந்த ஆள் யார் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தயவுசெய்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழிகாட்டிகளிடம் இதை ஒப்படைத்துவிடாதீர்கள். நாற்பது ஆண்டு அந்த அடுப்பில் சமைத்தவர், அந்த வீட்டின் ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தவர், ஊரிலேயே இருக்கும் ஓர் ஆச்சி, இவர்கள் பேசட்டும். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கையில் இருக்கும் அளவு எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகட்டும், மீதி ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் போகட்டும். வியாபாரத்தில் கோயிலுக்கும் குளத்துக்கும் மகமை ஒதுக்கியவர்கள் உங்கள் முன்னோர். இதையும் வீட்டுக்கு வரும் மகமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பூர்வீக வீட்டை விடுதியாக மாற்றிச் சிறப்பாக நடத்துகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களால் பல வீடுகள் பிழைத்திருக்கின்றன, அது பெரிய காரியம். ஆனால் ஐந்து பேர் உள்ள எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அங்கே ஓர் இரவு தங்குவது கனவுதான். அதோடு, விடுதி ஆன வீட்டில் அடுப்படி விடுதியின் அடுப்படி ஆகிவிடுகிறது. நான் கேட்பது அதற்குப் போட்டியாக இல்லை, பக்கத்தில்.

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு தொடக்கம்தான். அதற்கு மேல் போக அரசு செய்ய வேண்டியது நிறைய. ஆனால் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அரசு சொல்ல முடியாது. உங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர், யாரும் கேட்காமலே, பழைய புத்தகம், இதழ், நாடக அறிவிப்பு, திருமண அழைப்பிதழ் என்று தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நின்றது. இன்றைக்குத் தமிழ் அச்சின் வரலாற்றை ஆராய்கிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. ஒரு தனி மனிதர் காகிதத்துக்குச் செய்ததை, இத்தனை பங்காளிகள் சேர்ந்து ஓர் அடுப்படிக்குச் செய்ய முடியாதா?

திறந்து விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆத்தங்குடியைப் பாருங்கள். மூன்றாம் நாள் அங்கே ஒரு பட்டறைக்குப் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சின் கட்டங்களில் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைப் பதமாகத் தூக்கி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குகிறார்கள். சூளை இல்லை, தீ இல்லை. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடியை விட்டுப் பிரிந்து வரும்போது அந்தக் கண்ணாடியின் பளபளப்பு கல்லில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே யாரும் கயிறு கட்டவில்லை. என் மகளிடம் கரண்டியைக் கொடுத்து, "ஊத்திப் பாரு பாப்பா" என்றார் அந்தத் தொழிலாளி. அவள் ஊற்றிய மஞ்சள் கொஞ்சம் கோணலாகப் போனது. அந்தக் கல்லைத் தனியாக எடுத்து வைத்தார். நாங்கள் பார்த்தபடி இருக்கும்போதே, தன் புது வீட்டுக்குக் கல் வாங்க வந்த ஒருவர் அந்த வேலையைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு மட்டும் என்று இருந்ததை வீடு முழுவதுக்கும் என்று மாற்றினார். கைவேலையைக் கண்ணால் பார்த்தவர் அதன் விலையைப் பேரம் பேசுவதில்லை. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான், ஆனால் அம்மா சேலை எடுத்தது குறியீட்டைப் பார்த்து இல்லை, தறியில் உட்கார்ந்திருந்தவரோடு அரை மணி நேரம் பேசிய பிறகு.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் திருமயம் கோட்டையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கடைசி நாள் காலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழம்பொருள் கடைகள். கதவுகள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், ஊறுகாய்ச் சாடிகள், மரப்பாச்சிகள், யாருடையவோ கல்யாணப் புகைப்படங்கள். வியாபாரிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இவற்றில் பாதி உருக்கப்பட்டிருக்கும், மீதி விறகாகியிருக்கும். ஆனால் இரண்டு நாள் முன்பு ஒரு முழு அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்த எங்களால் அந்தத் தெருவில் சும்மா நடக்க முடியவில்லை. ஒவ்வொரு கரண்டியும் எந்த அடுப்பின் பக்கத்தில் இருந்திருக்கும் என்று தோன்றியது. அம்மா ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். விளிம்புக்குக் கீழே புள்ளி வைத்துப் புள்ளி வைத்துச் சில முதலெழுத்துகள் வெட்டியிருந்தன. "இது யார் பேரு?" என்று கேட்டாள். சீர்ச் சாமானில் பெயர் வெட்டுவது இங்கே வழக்கம் என்றார் கடைக்காரர். யார் பெயர் என்பது அவருக்கும் தெரியவில்லை, ஒரு வீட்டை இடித்தபோது மொத்தமாக எடையில் வந்தது என்றார். வாங்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்மாதான் வாங்கச் சொன்னார். "இங்கே கிடப்பதற்கு நம் வீட்டில் இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டுப் பரணில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் இப்போது அதில்தான் அளக்கிறோம். எழுத்துகளை இங்கே நான் எழுதவில்லை. உங்களில் யார் வீட்டிலாவது ஒரு ஆச்சியின் சீரில் உள்ளங்கை அளவில் ஒரு கிண்ணம் இருந்து, அது காணாமல் போயிருந்தால், என்ன எழுத்துகள் வெட்டியிருந்தன என்று சொல்லுங்கள். பொருந்தினால் அடுத்த அரையாண்டு விடுமுறையில் கொண்டு வந்து அந்த அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். பின் தெருக் கதவு வழியாகவே வருகிறோம்.

மரியாதையுடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா